பத்தாவது பாடம்

2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. மலேசியாவில், சுங்கை சிப்புட் என்ற சிறு நகரத்தின் பழைய கடைத்தெருவில் இருக்கும் என் கணக்கு அலுவலகத்தை அப்போதுதான் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் வந்து நின்றது. வந்தவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். காலை வேலையை முடித்த கையோடு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மகளை ஏற்றி வந்திருந்தார். மகள் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவுத் தாள்.

"தங்கச்சி, பத்து ஏ எடுத்தா எந்த இனமா இருந்தாலும் மெட்ரிகுலேஷன்ல இடம்னு பிரதமரே சொல்லிட்டாராமே. இவளுக்கு ஒன்பது இருக்கு. ஒன்னுதானே கொறையுது? எழுதிக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தேன். மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். எல்லாம் ஏ. மறுபடி எண்ணினேன். அந்தப் பிள்ளை எழுதியதே ஒன்பது பாடம்தான்.

"பத்தாவது பாடம் எடுக்கலையாம்மா?"

"எங்க ஸ்கூல்ல தமிழ் இல்லக்கா. பதினஞ்சு பேர் கேட்டாத்தான் வகுப்பு வைப்பாங்களாம். நாங்க பதினோரு பேருதான்."

சனிக்கிழமைகளில் டவுனில் ஒரு தமிழ் வகுப்பு நடந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து வர அவளுக்கு வண்டி இல்லை. சனிக்கிழமை அப்பாவுக்கு வேலை. அவ்வளவுதான் காரணம். எழுதிய எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய ஒரு பிள்ளையிடம் "உனக்கு ஒரு ஏ குறைகிறது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அன்று நான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. அவள் அப்பாவுக்கு ஒரு காப்பி வாங்கி வரச் சொல்லிவிட்டு, தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலேசியாவுக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே ஐந்தாம் படிவம் முடித்து எஸ்.பி.எம். எழுதிய பிள்ளை அரசாங்கப் பல்கலைக்கழகம் போக இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டு படித்து, மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் எஸ்.டி.பி.எம். தேர்வை எழுத வேண்டும். இன்னொன்று கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்லூரி. பெரும்பாலோருக்கு ஒரே ஆண்டு, தங்கிப் படிக்கலாம், பாடமும் தேர்வும் அமைச்சின் மெட்ரிகுலேஷன் பிரிவே பார்த்துக்கொள்கிறது. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் 4.00 என்ற ஒரே அளவில் புள்ளி வாங்கி, பல்கலைக்கழக வாசலில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த இரண்டாம் வழியில் நூற்றுக்கு 90 இடம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும். 10 இடம் மற்ற எல்லாருக்கும். தொடக்கத்தில் அந்த 10 கூடக் கிடையாது. 2000-களின் முதல் ஆண்டுகளில்தான் திறந்தது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கென்று 1,500 இடங்களை அரசாங்கம் அறிவித்தது. 2019-இல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கிய அமைச்சரவை 90:10 கணக்கை மட்டும் தொடவில்லை. 2024-இல்தான் இந்தப் பத்து ஏ அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டே, ஏ மைனஸ் அதில் சேராது என்ற விளக்கமும் வந்தது.

பத்து ஏ அறிவிப்பைக் கேட்டபோது நான் மனதார மகிழ்ந்தேன். இன்றும் அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முழுப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் பத்திரிகையில் கண்ணீரோடு நின்றதைப் பார்த்தவர்கள் நாம். 2004-இல் 4.0 எடுத்தும் மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காமல் நின்ற 128 பேரை நினைவிருக்கிறவர்களுக்கு இந்த அறிவிப்பின் மதிப்பு தெரியும்.

ஆனால் அறிவியல் பிரிவில் கட்டாயமும் விருப்பமுமாக ஒன்பது பாடம் நிறைந்துவிடுகிறது. பத்தாவது எங்கிருந்து வரும்? நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தமிழிலிருந்துதான். 2009-இல் எஸ்.பி.எம்.மில் 10 பாடத்துக்கு மேல் எழுதக் கூடாது என்ற அறிவிப்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று நாம் நாடு முழுக்கக் குரல் கொடுத்தோம். 10-உடன் இன்னும் 2 சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. பெரிய வெற்றி. அந்த வெற்றியின் நிழல்கூட விழாத பள்ளி ஒன்றிலிருந்து இந்தப் பிள்ளை வந்திருந்தாள். பன்னிரண்டு பாடத்துக்காகப் போராடியவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்பதிலேயே நிற்பதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். 1981-இல், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் மண் சாலையின் கடைசியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அம்மா பால் வெட்டினார். அப்பா டிராக்டர் ஓட்டினார். விடிவதற்கு முன் அம்மா பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது என்னை எழுப்பிவிட்டுத்தான் போவார். அந்த நேரத்தில் படித்தால் மனதில் நிற்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பாலுக்குக் கிடைக்கும் சம்பளம் வீட்டுக்கு. மரத்திலும் கோப்பையிலும் உறைந்துபோன ஒட்டுப்பாலுக்குக் கிடைக்கும் காசு மட்டும் தனி. அதை ஒரு மைலோ டின்னில் போட்டு வைப்பார். என் டியூஷனும் பஸ் காசும் அந்த டின்னிலிருந்துதான் போயின.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தேன். மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லை. அதனால் 1994 முழுவதும் பெராலிஹான் வகுப்பு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் முதலாம் படிவத்துக்குப் போகும் முன் மலாய் கற்றுக்கொள்ள உட்காரும் அந்தக் கூடுதல் வருடத்தை வெளியில் இருந்து பார்த்தால் ஒரு வருடம்தானே என்று தோன்றும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு, தன்னோடு விளையாடியவன் ஒரு வகுப்பு மேலே உட்கார்ந்திருப்பதை ஒரு வருடம் முழுக்கப் பார்க்க வேண்டும். என்னோடு பெராலிஹானில் இருந்தவர்களில் பாதிப் பேரை ஐந்தாம் படிவத்தில் நான் பார்க்கவில்லை. பையன்கள் லாரியில் உதவியாளாக, கிளிண்டராகப் போனார்கள். பெண் பிள்ளைகள் ஈப்போ தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். அவர்களில் இரண்டு பேர் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இதைச் சும்மா பணிவுக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்ததே அவர்களில் ஒருத்திதான்.

நம் சமூகம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1982-இல் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி இயக்கம், கோயில் மண்டபங்களில் இலவசமாகப் பாடம் எடுத்த ஆசிரியர்கள், வாரக் கடைசியை எங்களுக்காகக் கொடுத்த பல்கலைக்கழக அண்ணன்மார்கள் இல்லாவிட்டால் என் தலைமுறையில் தோட்டத்திலிருந்து ஆறாம் படிவத்துக்குப் போனவர்கள் இன்னும் குறைந்திருப்பார்கள். எனக்கு முழு எண்களின் கூட்டல் கழித்தல் புரிந்ததே ஒரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில்தான்.

2001 கடைசியில் எஸ்.டி.பி.எம். எழுதினேன். அப்போதெல்லாம் மொத்தப் பாடத்தையும் கடைசியில் ஒரே தடவையில் எழுத வேண்டும். இன்றைக்கு இருப்பதுபோல மூன்று தவணையாகப் பிரித்துத் தருவது 2012-இல்தான் வந்தது. நான் விண்ணப்பித்த 2002-ஆம் ஆண்டில்தான் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அதுவரை இருந்த 55:45 இனக் கோட்டா போய், தகுதி அடிப்படை வந்தது. அரசாங்கத் தமிழ் வானொலியான வானொலி 6-இல் செய்தி கேட்டுவிட்டு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இனிமே கலரு பாக்க மாட்டாங்கடி. மார்க்குதான் பேசும்."

கணக்கியலை முதல் விருப்பமாக எழுதியிருந்தேன். கிடைத்தது எட்டாவதாக எழுதிய, எனக்கு ஒட்டாத ஒரு படிப்பு. சான்றிதழை வாங்கப் பள்ளிக்குப் போனபோது, ஆலோசனை சொல்லும் ஆசிரியரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "இப்ப எல்லாம் தகுதிதான். உன் தகுதி அவ்வளவுதான்னு எடுத்துக்கோ" என்றார். வன்மமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் பத்து வருடத்துக்கு மேல் சுமந்தேன். படித்ததை முடித்தேன். வேலைக்குப் போனேன். இரவில், லண்டன் வணிகச் சங்கம் நடத்தும் எல்.சி.சி.ஐ. கணக்கியல் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் நான் ஆசைப்பட்ட வேலைக்கு வந்து சேர்ந்தேன். ஆனாலும் ஒரு புதுக் கணக்கைத் திறக்கும்போதெல்லாம், இதற்கு நீ தகுதி இல்லை என்று ஒருகாலத்தில் தீர்ப்பாகிவிட்டதே என்ற எண்ணம் ஓரத்தில் வந்து நிற்கும்.

அந்த எண்ணத்தைப் போக்கியவள் என் மலாய்த் தோழி.

ஐந்தாம் படிவத்தில் பக்கத்து மேசை. அவள் அப்பாவும் பால் வெட்டுகிறவர்தான். அடுத்தவர் நிலத்து மரத்தை வெட்டி, கிடைப்பதில் பாதியைப் பங்காக எடுத்துக்கொள்கிறவர். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே மாதிரிக் கஷ்டம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் சம்பளம் இல்லை. 2000-இல் அவளுக்கு மெட்ரிகுலேஷனில் இடம் வந்தது. நான் ஆறாம் படிவம் போனேன். நான் எஸ்.டி.பி.எம். முடிவுக்குக் காத்திருந்தபோது அவள் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டை முடிக்கப்போகிறாள். இன்று ஷா ஆலாமில் மருந்தாளர். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

அவளுக்குக் கிடைத்தது அநியாயம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் வீட்டு மண்ணெண்ணெய் விளக்கை நான் பார்த்திருக்கிறேன். பாதிப் பங்குக்கு மரம் வெட்டுகிறவர் மகள் மருந்தாளர் ஆவதற்கு ஒரு நாடு தனியாக வழி திறந்து வைத்தால், அது அந்த நாட்டின் நல்ல குணம். ஒதுக்கீடே கூடாது, மார்க் மட்டும் பேசட்டும் என்று நம்மவர்கள் சிலர் சொல்லும்போது நான் ஒத்துப்போவதில்லை. அவளுக்கு மார்க் மட்டும் பேசியிருந்தால் அவளும் ஈப்போ தொழிற்சாலை பஸ்ஸில்தான் போயிருப்பாள்.

சில வருடங்களுக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், அந்த ஆசிரியர் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டேன். ரெண்டாங் இறைச்சிக் கறிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "நீ எழுதியது வேறு தேர்வு, நான் எழுதியது வேறு தேர்வு. என் தேர்வும் சுலபமில்லை. முதல் தவணையில் நான் அழுதிருக்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே தேர்வு இல்லையே. இரண்டையும் ஒரே தராசில் வைத்து உன்னைத் தகுதி இல்லாதவள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?" என்று மலாயில் கேட்டாள். அதற்கு அப்புறம் அவள் சொன்னது இன்னும் ஆழமானது. "என் மகள் இங்கே ஷா ஆலாமில் நல்ல பள்ளியில் படிக்கிறாள். வீட்டில் ஆளுக்கொரு மடிக்கணினி. எங்கள் கிராமத்துக் கம்பத்தில் என் அண்ணன் மகள் படிக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே கோட்டா, ஒரே வரிசை. என் மகள்தான் முன்னே நிற்பாள். இதை நினைத்தால் எனக்கே மனசு சரியாக இல்லை."

அவள் சொன்ன இரண்டையும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே காரை ஓட்டினேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகுதான் நான் தேடிப் படித்தேன். கூட்டரசு அரசியலமைப்பின் 153-ஆவது விதி மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காக்கிறது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971 திருத்தத்தில் அதே விதியில் 8ஏ என்ற உட்பிரிவு சேர்ந்தது. பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இடம் ஒதுக்கச் சொல்லும் அதிகாரம் அதிலிருந்து வருகிறது. அதற்கு உண்மையான காரணம் இருந்தது. காலனி ஆட்சியில் உயர்கல்வி ஆங்கிலத்தில், நகரத்தில் இருந்தது. கிராமத்து மலாய்ப் பிள்ளைக்கு அது எட்டவே இல்லை. பொறியியல், மருத்துவத் துறைகளில் மலாய் மாணவர்கள் மிகச் சிலராக இருந்தார்கள்.

அதே 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இரண்டு நோக்கங்கள். இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது முதலாவது. ஓர் இனத்தை ஒரு தொழிலோடு சேர்த்து அடையாளம் காணும் நிலையை மாற்றுவது இரண்டாவது. இந்த இரண்டாவதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஓர் இனம் ஒரு தொழிலோடு கட்டப்பட்டிருந்தது என்றால், தோட்டத் தமிழரைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டவர்கள் இந்த நாட்டில் யார்? தாத்தா பால் வெட்டினார், பாட்டி பால் வெட்டினார், அம்மா பால் வெட்டினார். குடியிருந்த லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அந்த வாசகம் எங்களைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. நடைமுறைக்கு வரும்போது எங்களை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியாமல் போய்விட்டது. நாங்கள் பூமிபுத்ராவும் இல்லை, டவுனில் கடை வைத்திருப்பவர்களும் இல்லை. "மற்றவர்கள்" என்ற பெட்டிக்குள், ஈப்போ வழக்கறிஞர் மகனோடும் பினாங்கு வணிகர் மகளோடும் சேர்ந்து, குலை வெட்டுகிறவர் மகள் அந்த 10 விழுக்காட்டுக்குப் போட்டி போட வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த, மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க வைத்தார். ஏணி இல்லாத இடத்தில் ஏணி கட்டித்தான் ஆக வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலித்தது ஒதுக்கீடு இல்லை. 2002-க்கு முன் என் பக்கத்து லயத்து அண்ணனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் கோட்டாவைத் திட்டினார். தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. விதி இப்படி, அதனால் எனக்கு இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்த விதியை எதிர்த்துப் பேசவும் முடிந்தது. எனக்கு அது இல்லை. இரண்டு வேறு தேர்வுகள், ஒன்று என் போன்றவர்களுக்கு அன்று மூடியே இருந்த வழி. இரண்டையும் ஒரே அளவில் போட்டுவிட்டு அதற்குத் தகுதி என்று பெயர் வைத்தார்கள். அந்த முதல் ஆண்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் பெற்றவர்களில் இந்தியர் சுமார் 5 விழுக்காடு. 2000 கணக்கெடுப்பில் நாம் மக்கள்தொகையில் 7.7 விழுக்காடு. கோட்டா என்று சொல்லியிருந்தால் கேள்வி கேட்டிருப்போம். தகுதி என்றதும் தலையைக் குனிந்துகொண்டோம். ஒரு பிள்ளைக்கு இடம் தராமல் இருப்பதைவிட, இடம் தராததற்கு அவளையே காரணம் ஆக்குவதுதான் பெரிய கொடுமை என்று நான் நம்புகிறேன்.

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டும் வட கரோலினா பல்கலைக்கழகமும் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்தது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் பலர் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. அங்கே ஒதுக்கீடு யாருக்காக வந்தது, இங்கே யாருக்காக வந்தது, இரண்டையும் ஒரே மூச்சில் பேசிவிட முடியாது. ஆனால் அதே அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் செய்த ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. 1997-இல் ஒரு சட்டம் போட்டார்கள். எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் சரி, அந்தப் பள்ளியில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. பணக்காரப் பேட்டைப் பள்ளியும் பருத்திக்காட்டு ஊர்ப் பள்ளியும் அதில் ஒன்றுதான். நாட்டிலேயே யார் முதலில் என்று கேட்காமல், உன் பள்ளியில், உனக்குக் கிடைத்த ஆசிரியர்களோடு, உன் பஸ்ஸில் போய்வந்து நீ எவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிற கணக்கு அது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கணக்கின் சாயலில் ஒன்று இருக்கிறது. அங்கே 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இருந்தும், நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போவது ஏறக்குறைய நின்றுபோனது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஒரு பங்கு. சாதியைப் பார்த்த சட்டம் பள்ளிக்கூடத்தையும் பார்த்தது. இனத்தைப் பார்க்கும் நம் சட்டமும் அதேபோல் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாமே. 90 இருக்கட்டும், 10 இருக்கட்டும். அந்த 90-க்குள் என் தோழியின் அண்ணன் மகளும், இந்த 10-க்குள் குலை வெட்டுகிறவர் மகளும் முன்னால் நிற்கும்படி ஒரு பங்கு வையுங்கள். பத்து ஏ எடுத்தவர்களுக்கு இடம் கொடுத்தது சரி. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்துப் பேரையும் கூப்பிட்டுப் பாருங்கள். பெயரே வராத ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். 2012-க்குப் பிறகு வந்த அந்தச் சிறப்பு இடங்களில் ஒன்று எங்கள் தாமானில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. தூரம் அதிகம், பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு பையனுக்குக் கடிதம் வந்ததே தெரியவில்லை. பழைய லயத்து முகவரிக்குப் போயிருந்தது. லயம் இடிந்து வருடக்கணக்காகிறது. வழி திறந்தால் மட்டும் போதாது, வாசல்வரை யாராவது கூட நடந்து வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் சனிக்கிழமைகளில் என் அலுவலகத்தில் கணக்கு வேலையை ஓரமாக வைத்துவிட்டு விண்ணப்பப் பாரங்களைப் பார்க்கிறேன்.

அந்த ஜூலைக் காலையில், காப்பி ஆறும்வரை யோசித்துவிட்டு, அவள் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன். மேல்முறையீடு எழுதினோம். பதில் சாதகமாக வரவில்லை. பிள்ளை ஆறாம் படிவம் போனாள். முதல் நாளே அவளிடம் கேட்டது புறப்பாடத்தைப் பற்றித்தான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு பாடம், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்த 10 தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் அடிபடும். புறப்பாடம் புதன்கிழமை மதியம் தொடங்கி நாலரை மணிவரை நடக்கும். பள்ளி வேன் இரண்டு மணிக்கே கிளம்பிவிடும். வேனை விட்டால் வீட்டுக்குப் போக வழி இல்லை. அணிவகுப்பில் கால் வைக்காத பிள்ளைக்குத் திறமை இல்லை என்று அந்தப் பத்துப் புள்ளி சொல்லும். வேன் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று அந்தப் பாரத்தில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

நாங்கள் மூன்று பேர், நானும் கோயில் பொருளாளர் அண்ணனும் ஒரு மெக்கானிக் தம்பியும், புதன்கிழமைகளில் மாற்றி மாற்றிக் கார் எடுக்கிறோம். அவளோடு தொடங்கினோம், இப்போது நான்கு பிள்ளைகள். அவள் பள்ளியின் செம்பிறைச் சங்கத்தில், அதாவது செஞ்சிலுவை போன்ற முதலுதவிச் சங்கத்தில், செயலாளர் ஆகிவிட்டாள். மூன்றாம் தவணைத் தேர்வு நெருங்குகிறது. பின் இருக்கையில் உட்கார்ந்து வேதியியல் சமன்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். யாராவது பேசினால் கையைக் காட்டி நிறுத்துவாள்.

சென்ற புதன்கிழமை என் முறை. நல்ல மழை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, அவளை மட்டும் கூட்டிக்கொண்டு அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய குடியிருப்புக்குப் போனேன். அவள் தம்பி இப்போது அதே இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம். தமிழ் வகுப்பு கேட்டு மனு எழுதியிருக்கிறோம். பதினான்கு கையெழுத்து சேர்ந்துவிட்டது. பதினைந்தாவது அந்த வரிசையின் கடைசி வீட்டில்.

அந்த அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். தாளைக் கையில் வாங்காமல், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்குக் காசு ஏதும் கட்டணுமா?"

"இல்லக்கா. ஒரு காசும் கட்ட வேணாம். பேரும் கையெழுத்தும் மட்டும்தான்."

"அப்ப சரி. இருங்க, கண்ணாடியையும் பேனாவையும் எடுத்துட்டு வந்துர்றேன்" என்று உள்ளே போனார்.